ஜூ ஷியாவ்மேய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

18-ம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்ற பெரிய படைப்பைப் பியானோவில் யார் வாசித்துக் கேட்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது ஜூ ஷியாவ்மேய் பெயரைத்தான். சொன்ன கையோடு கேள்விகள் வந்துவிடும். சீனாக்காரரா? முகாமில் இருந்தவரா? அங்கேயும் பியானோ வாசித்தாராமே? ஒவ்வொரு தடவையும் அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

யார் இவர்?

1949-ல் ஷாங்காயில் பிறந்து பெய்ஜிங்கில் வளர்ந்த பியானோ கலைஞர். 1980-களின் நடுவிலிருந்து பாரிஸ்வாசி. அங்குள்ள தேசிய உயர் இசைக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். கச்சேரிகளை எண்ணிக்கையில் குறைவாகவே ஒப்புக்கொள்வார். விளம்பரத்துக்கும் அவருக்கும் ஒட்டாது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வெளியுலகம் அவரைக் கவனித்தது. திறமை அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. நடுவில் பல வருடங்கள் பறிபோய்விட்டன.

பெயரை எப்படிச் சொல்வது?

சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். ஜூ என்பது குடும்பப் பெயர், ஷியாவ்மேய் சொந்தப் பெயர். 'ஷியாவ்' என்றால் விடியல். 'மேய்' என்பது ரோஜாவைக் குறிக்கும் சீனச் சொல்லின் முதல் எழுத்து. சில இசைத்தட்டு உறைகளில் குடும்பப் பெயரைப் பின்னால் தள்ளி அச்சடித்திருப்பார்கள், ஆள் ஒருவர்தான்.

சீன வீட்டுக்குள் பியானோ எப்படி வந்தது?

ஷாங்காய் அப்போது பல நாட்டுக்காரர்கள் வந்து தங்கிய துறைமுக நகரம். மாரியோ பாச்சி என்ற இத்தாலியர் அந்த நகரத்து இசைக்குழுவை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். 1927-ல் ட்சாய் யுவான்பெய், ஷியாவ் யோமேய் இருவரும் சேர்ந்து அங்கே இசைக் கல்லூரி தொடங்கினார்கள். படித்த, வசதியான குடும்பங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பது வழக்கமாகியிருந்தது. ஷியாவ்மேயின் அம்மா அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்.

1949 கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பிறகு குடும்பம் பெய்ஜிங்குக்குக் குடிபெயர்ந்தது. அக்கா தங்கைகளோடு நெருக்கி வாழ்ந்த சிறிய வீடு. அங்கே ஒருநாள் அம்மாவின் பழைய பியானோ வந்து இறங்கியது. குழந்தை அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அம்மா உட்கார்ந்து ஷூமானின் 'கனவு' என்ற சின்னஞ்சிறு இசைத்துண்டை வாசித்தார். ஷியாவ்மேய் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லும்போது அந்த நிமிடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். முதல் ஆசிரியர் அம்மாதான். எட்டு வயதில் பெய்ஜிங் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாசிக்கும் அளவுக்குக் குழந்தை தேறிவிட்டாள்.

முறையாக எங்கே படித்தார்?

பெய்ஜிங்கில், இசைத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில். பத்து வயதில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பான் யிமிங். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருவார்.

கலாச்சாரப் புரட்சியில் என்ன நடந்தது?

1966-ல் மாவோ தொடங்கி வைத்த கலாச்சாரப் புரட்சி அவர் இறந்த 1976-வரை நீடித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. மேற்கத்திய இசை முதலாளித்துவக் குப்பை என்று முத்திரை குத்தப்பட்டது. பாக், மோட்ஸார்ட், ஷோப்பான் யாரையும் வாசிக்கக் கூடாது. இசைக்குறிப்புப் புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து.

அந்தச் சூழலில் ஒருவரின் எதிர்காலத்தை அவர் பிறந்த குடும்பம் தீர்மானித்தது. தொழிலாளி, விவசாயி, படைவீரர் வீட்டுப் பிள்ளை என்றால் நல்ல பூர்வீகம். வீட்டில் பியானோ வைத்திருந்த, ஒரு காலத்தில் வசதியாக இருந்த குடும்பம் என்றால் கெட்ட பூர்வீகம். ஷியாவ்மேய் இரண்டாவது வகை. கூட்டத்தில் எழுந்து நின்று தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் 'சுயவிமர்சனம்' அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் மாதிரியே ஆகிவிட்டது. அந்த வயதில் தானும் மாவோவை முழு மனதோடு நம்பியதை அவர் மறைக்கவில்லை. தன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை நழுவவிட்டுவிடுவார்கள். அவர் விடவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

ஆசிரியர்கள் நிலைமை இன்னும் மோசம். சீன மொழியில் ஆசிரியரை 'லாவ்ஷி' என்று அழைப்பார்கள். 'மூத்த' என்று பொருள்படும் எழுத்தும் 'குரு' என்று பொருள்படும் எழுத்தும் சேர்ந்த சொல். அப்படி அழைத்த மாணவர்களே பெரிய எழுத்துச் சுவரொட்டிகளில் ஆசிரியர் பெயரை எழுதி ஒட்டினார்கள். தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். 1958-ல் ஜெனீவா போட்டியில் பரிசு வென்ற கு ஷெங்யிங் என்ற பியானோ கலைஞர், பலர் முன்னிலையில் அவமானப்படுத்தப்பட்ட பிறகு, 1967 ஜனவரியில் தாயோடும் தம்பியோடும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 29.

பியானோ என்ற கருவியே சீனாவில் இல்லாமல் போயிருக்கும். அதே 1967-ல் யின் செங்ஜோங் என்ற கலைஞர் ஒரு பியானோவைத் தியானென்மென் சதுக்கத்துக்கே கொண்டுபோய், மக்களுக்குத் தெரிந்த பாடல்களை வாசித்துக் காட்டினார். இந்தக் கருவி புரட்சிக்கும் உதவும் என்று காட்டத்தான். கருவி தப்பித்தது. பாக் தப்பிக்கவில்லை.

முகாமில் பியானோ வாசித்தார் என்பது உண்மையா?

உண்மை. ஐந்து ஆண்டுகள் அவர் உழைப்பு முகாம்களில் இருந்தார். பெய்ஜிங்குக்கு வடமேற்கே, உள் மங்கோலியா எல்லைப் பக்கம், ஜாங்ஜியாகோ வட்டாரம். பகலெல்லாம் வயல் வேலை, மீதி நேரம் அரசியல் வகுப்பு. விரல்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று அங்கே யாரும் கவலைப்படவில்லை.

கண்டும் காணாததுமாக இருந்த சிலரின் தயவால், பெய்ஜிங் வீட்டில் இருந்த பியானோ அந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. அம்மா 'கனவு' வாசித்த அதே பியானோ. அறுந்துபோன தந்திகளுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த கம்பியைக் கட்டிச் சமாளித்திருக்கிறார்கள். சுருதி எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அறையில் கணப்பு கிடையாது. கை விறைத்துப்போகும்.

அந்தக் குளிரில் அவர் கண்டுபிடித்த ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையைச் சூடாக்க பாக்தான் சரி என்கிறார். மற்ற பல இசையில் வலது கை ராகத்தைப் பாடும், இடது கை துணைக்குப் போகும். சில விரல்கள் சும்மா இருக்கும். பாக்கின் ஃப்யூக்குகளில் மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கும். ஒரே கைக்குள்ளேயே இரண்டு குரல்கள். எந்த விரலுக்கும் ஓய்வு கிடையாது.

வேண்டுமானால் இப்போதே செய்து பாருங்கள். வலது கையை மேசைமேல் வையுங்கள். கட்டைவிரலை அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். கட்டைவிரல் துளியும் எழக்கூடாது. அப்புறம் கட்டைவிரலை விட்டு, ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் முன்கைத் தசை இழுக்கும், உள்ளங்கையில் வெதுவெதுப்பு ஏறும். நான் செய்து பார்த்துவிட்டுக் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஃப்யூக் வாசிப்பவருக்கு இது மணிக்கணக்கில்.

அவர் அங்கே வாசித்த 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' தொகுப்பின் முதல் பாகத்தை பாக் 1722-ல் முடித்தார். இசை கற்க ஆசைப்படும் இளையவர்களின் பயனுக்காக என்று அதன் முகப்பில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார். அது ஓர் ஆசிரியர் மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்த புத்தகம். ஆசிரியர்களைத் தெருவில் நிறுத்திய நாட்டில், முகாமில் இருந்த ஓர் இளம் பெண்ணுக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் எப்படி வெளியே வந்தார்?

முகாமிலிருந்து பெய்ஜிங் திரும்பியதும் அவர் பழைய ஆசிரியர் பான் யிமிங்கிடமே போய், விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்து முடித்தார். அந்தப் பத்தாண்டுகளில் சீனாவில் எத்தனை ஆசிரியர்-மாணவர் உறவுகள் முறிந்தன என்று நினைத்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1979-ல் அமெரிக்க வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் சீனாவுக்கு வந்தார். மூடிக் கிடந்த கதவு இசைக்காகத் திறந்தது. அதைத் தொடர்ந்து ஷியாவ்மேயும் அமெரிக்கா போனார். முதலில் லாஸ் ஏஞ்சல்ஸ், பிறகு பாஸ்டன். அங்கே நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் கேப்ரியல் சோடோஸ் என்பவரிடம் பயின்றார். முப்பது வயதைத் தாண்டிய மாணவி. வயிற்றுப்பாட்டுக்கு வீடு துடைத்தார், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு பாரிஸ். அங்கேயும் ஆரம்பம் சுலபமாக இல்லை. கடைசியில் சேன் ஆற்றங்கரையில் ஒரு வீடு, ஒரு பியானோ, ஜன்னலுக்கு வெளியே ஓடும் தண்ணீர்.

கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் என்றால் என்ன? அதோடு ஏன் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது?

1741-ல் அச்சான படைப்பு. முதலில் 'ஆரியா' என்ற அமைதியான 32 தாளக்கட்டுப் பாட்டு. அதையடுத்து 30 மாறுபாடுகள். கடைசியில் அதே ஆரியா, ஒரு சுரம்கூட மாறாமல்.

ஒரே பல்லவியைச் சங்கதி சங்கதியாகப் பாடுவது போலவா என்று ஒரு நண்பர் கேட்டார். பாதி சரி. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மேலே கேட்கும் மெட்டு திரும்ப வருவதில்லை. அடியில் நடக்கும் பேஸ் வரிசைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் ஒரு தடவை நடனம், ஒரு தடவை ஓட்டம், ஒரு தடவை அழுகை. 27-வது வரை ஒவ்வொரு மூன்றாவது மாறுபாட்டிலும் ஒரு குரலை இன்னொரு குரல் அப்படியே பின்தொடர்ந்து வரும். அதற்குக் கேனன் என்று பெயர். இரண்டு அடுக்குக் கட்டைகள் கொண்ட ஹார்ப்சிகார்ட் என்ற, பியானோவுக்கு முந்தைய விசைக் கருவிக்காக எழுதியது என்பதால், பியானோவின் ஒற்றை அடுக்கில் வாசிக்கும்போது சில இடங்களில் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க வேண்டியிருக்கும். முழுவதும் வாசிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுவாசிப்புகளை எல்லாம் சேர்த்தால் இன்னும் நீளும்.

தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக இது எழுதப்பட்டது, கோல்ட்பெர்க் என்ற இளைஞர் இரவில் வாசித்துக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. படைப்பு அச்சான ஆண்டில் கோல்ட்பெர்க்குக்கு 14 வயது. கதையை அறிஞர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. பாக் வைத்த தலைப்பில் அந்தப் பெயரே இல்லை. 'விசைக் கருவிப் பயிற்சி' என்றுதான் அதில் இருக்கிறது.

ஷியாவ்மேய் இதை ஒரு தடவைக்கு மேல் பதிவு செய்திருக்கிறார், பல நாடுகளில் வாசித்திருக்கிறார். பாக்கைப் பற்றிப் பேசும்போது பழங்காலச் சீன ஞானி லாவோட்சுவையும் தண்ணீரையும் சேர்த்துப் பேசுவார். தண்ணீர் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும், யாரோடும் போட்டி போடாது என்ற பழைய சீனச் சிந்தனை. அவர் வாசிப்பில் அது கேட்கிறது. வேகமான மாறுபாடுகளிலும் 'பார், எவ்வளவு வேகம்' என்ற தோரணை இருக்காது. குரல்களில் எதையும் முன்னால் தள்ளிக் காட்ட மாட்டார். நாம்தான் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

25-வது மாறுபாட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சோகச் சாயல் கொண்ட 'மைனர்' சுரவரிசையில் அமைந்த மூன்று மாறுபாடுகளில் கடைசியானது, மெதுவானது. ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா அதைக் கறுப்பு முத்து என்றார். இதைப் பலர் விம்மி விம்மி வாசிப்பார்கள். ஷியாவ்மேய் அப்படிச் செய்வதில்லை. துக்க வீட்டில், அழுது முடித்த பிறகு, எழுந்து வேலையைப் பார்க்கும் பெரியம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அந்த நிதானம்.

ஆசிரியராக அவர் எப்படி?

அவரிடம் படித்தவன் இல்லை என்பதால் வகுப்பறை ரகசியம் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் அவர் வாழ்க்கையை ஆசிரியர்களின் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. அம்மா, பான் யிமிங், பாஸ்டனில் சோடோஸ். ஒவ்வொரு முறையும் எல்லாம் முடிந்துபோனது என்ற கட்டத்தில் யாரோ ஒருவர் பியானோ பக்கத்தில் நின்று 'மறுபடி முதலிலிருந்து வாசி' என்று சொல்லியிருக்கிறார். பின்னாளில் பாரிஸ் கல்லூரியில் அந்த இடத்தில் அவரே நின்றார்.

கச்சேரிக் கலைஞராகப் பெயர் வாங்கியவர்கள் சொல்லிக்கொடுப்பதை இரண்டாம் பட்சமாக நினைப்பதுண்டு. பாக் காலத்தில் அந்தப் பிரிவே இல்லை. 1723 முதல் 1750-ல் இறக்கும்வரை லைப்ஸிக்கில் புனித தாமஸ் தேவாலயத்துப் பள்ளிப் பையன்களுக்கு இசை கற்பிப்பது பாக்கின் வேலை. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக அவர் எழுதிய பயிற்சித் துண்டுகளைத்தான் இன்றும் உலகமெங்கும் பியானோ மாணவர்கள் வாசித்துத் தேறுகிறார்கள். ஷியாவ்மேயை பாக் வாசிப்பவர் என்று சொல்வதும் ஆசிரியர் என்று சொல்வதும் எனக்கு ஒன்றுதான்.

லாங் லாங், யூஜா வாங் மாதிரியா?

இல்லை. அவர்கள் 1980-களில் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே வெளிநாடு போய்ப் படிக்க முடிந்த தலைமுறை. இருவரையும் எனக்குப் பிடிக்கும். அந்த வயதில் ஷியாவ்மேயின் கையில் இருந்தது மண்வெட்டி. ஒப்பிட்டுப் பார்ப்பதில் நியாயம் இல்லை.

கஷ்டப்பட்டதால்தான் இவ்வளவு நன்றாக வாசிக்கிறாரா?

இந்தக் கேள்வி எனக்கு வருத்தமாக இருக்கும். முகாமில் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் மறுபடி கருவியைத் தொடவே இல்லை. அந்த ஐந்து ஆண்டுகள் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டன. இருபது வயதில் விரல்கள் எப்படி ஓடியிருக்கும், என்னென்ன பதிவுகள் கிடைத்திருக்கும் என்று நமக்கு இனி தெரியாது. அவர் நன்றாக வாசிப்பதற்குக் காரணம் அம்மாவின் பாடம், பான் யிமிங்கின் பாடம், அதற்கு மேல் ஆயிரக்கணக்கான மணி நேரச் சாதகம். முகாம் கதையைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதைக்காக இரக்கப்பட்டுக் கேட்டால், அந்தக் கைகள் என்ன செய்கின்றன என்பது காதில் விழாமலே போய்விடும்.

தன் கதையை எழுதியிருக்கிறாரா?

ஆம், பிரெஞ்சில், 2007-ல் வெளிவந்தது. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. ஆரியாவில் தொடங்கி, முப்பது பகுதிகள் நடந்து, ஆரியாவில் முடிகிறது.

சீனாவுக்குத் திரும்பிப் போனாரா?

2014-ல் கச்சேரிப் பயணமாகப் போனார். ஒரு காலத்தில் பாக்கை வாசிக்க விடாத நாட்டில், கோல்ட்பெர்க்கை ஒரே இருப்பில் கேட்க அரங்கம் நிறைந்தது. அதே ஆண்டு லைப்ஸிக் பாக் விழாவிலும் வாசித்தார். இடம், புனித தாமஸ் தேவாலயம். பாக்கின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அந்தக் கச்சேரியின் பதிவு வெளியாகியிருக்கிறது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

அந்த லைப்ஸிக் பதிவிலிருந்தே. முதல் தடவை முழுவதையும் கேட்க வேண்டாம். ஆரியாவைக் கேளுங்கள். அடுத்த நாள் மறுபடி ஆரியா, அதோடு முதல் ஐந்து மாறுபாடுகள். இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பழகிய பிறகு ஒரு இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கியதும், விளக்கை அணைத்துவிட்டு முழுவதும் கேளுங்கள். முப்பதாவது மாறுபாட்டில் பாக் காலத்து நாட்டுப்பாடல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டாட்டமாக இருக்கும். அது அடங்கி ஒரு சிறு இடைவெளி. பின் ஆரியா மறுபடி வரும். முதலில் கேட்ட அதே சுரங்கள். அந்த இடைவெளியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடாதீர்கள்.